கூரை இல்லாத ஓட்டலும் தேனுவோட பல்லும்

ஒரு ஊர்ல ஒரு ஆளு இருந்தான். டவுன் பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்தாலே அவனுக்கு வயித்தைப் புரட்டும். அந்த ஆளுக்கு ஆசை எது மேல வந்துச்சு தெரியுமா? கப்பல் மேல!

படு, படு. எந்திரிக்காமக் கேளு. மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணை மூடினாத்தான் சாயங்காலம் சிணுங்காம இருப்பே. காலைப் போர்வைக்குள்ள வை, பகல்லயே கொசு சுத்துது. பல்லை ஆட்டாதேடி! அது தானா விழும். உங்கம்மா அந்த ரூம்ல போனைச் சத்தமா வச்சுக்கிட்டுக் கப்பல் படம் பாத்துட்டிருக்கா. பாக்கட்டும். நீ "ம்" கொட்டு, இல்லேன்னா அத்தை நிறுத்திடுவேன்.

"ம்."

அந்த ஆளு பேரு குமரேசன். பொண்டாட்டி பேரு சுபா. ஒரே பொண்ணு, தேனு. ஆறு வயசு. சுபாவோட சித்தி பொண்ணு ஒருத்தி கப்பல்ல போயிட்டு வந்து, தொப்பி போட்டுக்கிட்டு, கையை விரிச்சு நின்னு, படம் படமா அனுப்பினாளா, அன்னையிலிருந்து இவங்க வீட்ல சோறு இறங்கல. நாமும் போகணும், நாமும் போகணும். எதுக்குப் போகணும்? அவ போனாளே, அதுக்கு.

அப்புறம் ஒரு வழியாக் கப்பலுக்குப் பதிஞ்சாச்சு. மூணு நாள். ஊர்ல சொல்லாத ஆளு பாக்கியில்ல. பால்காரர்கிட்டச் சொன்னாங்க. இஸ்திரி போடுறவர்கிட்டச் சொன்னாங்க. கிளம்புற அன்னைக்குத் தெருவே வாசல்ல நின்னு கையை ஆட்டுது. தெருமுனையில பூ கட்டுற கன்னியம்மா ஓடி வந்து, "தம்பி, தலை சுத்தினா மோந்து பாத்துக்க"ன்னு ஒரு எலுமிச்சம்பழத்தைக் குமரேசன் கையில வச்சு அழுத்தினா.

அப்போ துறைமுகத்துக்குப் போனாங்க. கப்பல் நிக்குது, பத்து மாடி ஒசரம். உள்ள ஏற ஒரு ஏணிப்படி. குமரேசன் ஒரு படி ஏறினான். ரெண்டு படி ஏறினான். மூணாவது படியில கீழே தண்ணியைப் பாத்தான்.

உவ்வே!

எலுமிச்சம்பழம் ஒரு பக்கம் உருளுது, இவன் ஒரு பக்கம் உருளுறான். சுபா தலையில அடிச்சுக்கிறா. "ஏங்க, கப்பல் இன்னும் கயித்துல கட்டித்தானேங்க போட்டிருக்கு! அது அசையவே இல்லையே!"

"எனக்கு அசையுது, சுபா."

அப்புறம் என்ன, கப்பல் பூம்னு ஊதிட்டுக் கிளம்பிடுச்சு. இவங்க மூணு பேரும், ரெண்டு சக்கரப் பெட்டியும், கரையில.

நல்ல மனுசங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? பேசாம வீட்டுக்குப் போயி, ஒரு ரசம் வச்சுக் குடிச்சுட்டுப் படுத்திருப்பாங்க. இவங்க போகல. ஏன்னா தெருவே கையாட்டி அனுப்பி வச்சிருக்கே! "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?"ன்னு சுபா கேட்டா. இருக்கிறது ஒரே மூஞ்சி, அதை வச்சுக்கிட்டுத்தான் போகணும். ஆனா குமரேசன் சொன்னான், "மூணு நாள் எங்கேயாவது ஓட்டல்ல இருந்துட்டு, கப்பல்லேர்ந்து இறங்கினாப்ல போயிடுவோம்."

லீவு நாளாச்சே, எல்லா ஓட்டலும் நிரம்பிக் கிடக்கு. இவங்களை மாதிரி ஆயிரம் பேரு சொந்த வீட்டைப் பூட்டிட்டு அடுத்தவன் வீட்ல படுக்க அலையுறாங்க. கடைசியில கிடைச்சது ஒண்ணே ஒண்ணு. அது எங்கே இருந்துச்சு? சொல்லு பாப்போம்?

"தெரியல."

அவங்க வீட்லேர்ந்து நாலு தெரு தள்ளி!

சுபா துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டா. குமரேசன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டான். திருடப் போற மாதிரி உள்ள போனாங்க. போனா, கட்டில் மேல துண்டை மடிச்சு ஒரு அன்னம் பண்ணி வச்சிருக்கான். எதுக்குன்னு கேக்காதே. துடைக்கிற துண்டுல எதுக்கு அன்னம்? அதுக்குக் கழுத்து வேற இப்படி நீட்டமா, வந்தவங்களைக் கேவலமாப் பாக்குது. ஜன்னலைத் திறக்க முடியாது. ஃபேன் இல்ல. ஏசி விடாம உர்ர்ர்ருனு உறுமுது. தேனுவுக்கு மூக்கு அடைச்சுக்கிச்சு. ராத்திரி முழுக்க அது தும்முச்சு, இவங்க ரெண்டு பேரும் "கப்பல்ல போனா இப்படித்தான் சளி பிடிக்கும்"னு சொல்லிப் பழகிக்கிட்டாங்க.

மறுநாள் காலையில சுபா மொட்டை மாடிக்குப் போனா. அங்கே நீச்சல் குளம். குளத்து ஓரமா நின்னு, நீலத் தண்ணி மட்டும் தெரியுற மாதிரி தொப்பி போட்டு ஒரு படம். "நடுக்கடலில் நாங்கள்"னு எழுதி ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா. அந்தப் படத்தை ஞாபகம் வச்சுக்கோ. ம்?

"ம்."

அப்புறம் மத்தியானச் சாப்பாடு. அம்பது பாத்திரம் வரிசையா, புகை பறக்குது. தேனு ரசஞ்சோறு கேட்டுச்சு. அம்பது பாத்திரத்துல ஒண்ணுல கூட ரசம் இல்ல! கல்லு மாதிரி ஒரு ரொட்டியைக் கொண்டாந்து வச்சான். குழந்தை கடிச்சுது.

கடக்!

முன்னாடி ஆடிட்டிருந்த பல்லு கையில வந்துடுச்சு. குட்டியா, அரிசி மாதிரி. சுபா பதறிட்டான்னு நினைக்காதே. "அய்யோ, அப்படியே இரு, சிரி, ஒரு படம்"ங்கிறா.

ஆனா தேனு சிரிக்கல. அதுக்கு வேற கவலை. போன மாசம்தான் கன்னியம்மா பூ கட்டிக்கிட்டே சொல்லியிருந்தா. "கண்ணு, பல்லு விழுந்தா சாணியில பொதிஞ்சு வீட்டுக் கூரை மேல எறிஞ்சுடணும். அன்னைக்கே, பொழுது சாயறதுக்குள்ள. இல்லேன்னா அந்த இடத்துல மொளைக்காது. எதிர்வீட்டுத் தாத்தாவைப் பாரு. சின்ன வயசுல ஒண்ணையும் எறியாம விட்டுட்டாரு." தேனு போய் அந்தத் தாத்தா கொட்டாவி விடும்போது எட்டிப் பாத்துச்சு. ஒரு பல்லு கூட இல்ல! அப்புறம் நம்பாம எப்படி இருக்கும்?

"அம்மா, சாணி வேணும். கூரை வேணும்."

"சும்மா இரு. ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

"ஊர்லதானேம்மா இருக்கோம்?"

அதுக்குச் சுபா வாயை மூடுன்னா.

சரி, அம்மா தரல. தேனுவே பாத்துக்கிச்சு. அம்மா தலையைக் காய வச்சுட்டிருந்தப்போ ரூம் போனை எடுத்து ஒம்பதை அழுத்துச்சு. டுர்ர்ர், டுர்ர்ர். அந்த ஓட்டல்ல எதைக் கேட்டாலும் "இல்ல"ன்னு சொல்லக் கூடாதுன்னு பழக்கி வச்சிருக்காங்க.

"எங்களுக்குச் சாணி வேணும்."

"கண்டிப்பா மேடம்." அந்தப் பக்கம் எழுதிக்கிற சத்தம். "எப்படி இருக்கணும் மேடம்?"

"உருண்டையா. மெத்துனு. சூடா இருந்தா நல்லது."

"ஏற்பாடு பண்றோம் மேடம்."

அரை மணி நேரத்துல டொக் டொக். வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தன் பெரிய தட்டுல மூடி வச்சுக் கொண்டாரான். மூடியைத் தூக்கினா, கறுப்பா, மெத்துனு, உருண்டையா ஒரு சாக்லேட்! மேல ஒரு புதினா இலை. சாணி மேல புதினா வைக்கிற ஊரை நீ பாத்திருக்கியா? தேனு மோந்து பாத்துச்சு. "இது சாணி இல்ல. ஆனா உருட்ட வரும்." பல்லை உள்ள வச்சு உருட்டிட்டுக் கையைக் கழுவப் போச்சு. திரும்பி வந்து பாத்தா, குமரேசன் கரண்டியும் கையுமா உக்காந்து வாயைத் திறந்துட்டான்!

"அப்பா! என் பல்லு!"

கரண்டியைப் பிடுங்குச்சு. ஒரு நிமிசம் விட்டிருந்தா பல்லு போயிருக்கும், எங்கே போயிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். தேனு கூரைக்குக் குறி பாத்துச்சு. அங்கே ஏது கூரை, உள் கூரைதான், வெள்ளை வெளேர்னு. விட்டுச்சு ஒரு எறி. பச்சக்! ஒட்டுச்சு. அப்புறம் மெதுவா நழுவி, பொத்துனு விழுந்துச்சு. எது மேல? அந்த அன்னத்துத் தலை மேல! நல்லா வேணும் அதுக்கு.

"ஹி ஹி."

சிரிக்காதே, தூக்கம் கலைஞ்சுடும். "உன்னால மானம் போகுது"ன்னு சுபா பிள்ளையைக் கொண்டு போய் விளையாட்டு அறையில விட்டுட்டா. குடும்பத்தோட இருக்கத்தான் லீவு, லீவுக்கு வந்ததும் பிள்ளையைப் பாத்துக்க ஒரு ஆளு. இதுக்கு வீட்லயே எதிர்வீட்ல விட்டிருக்கலாம். ஆனா தேனு அன்னத்து மேலேர்ந்து எடுத்த பல்லைக் கைக்குள்ளயே வச்சிருந்துச்சு, விடல.

அந்த அறையில ஒரு பிளாஸ்டிக் வீடு. அதுக்குச் சிவப்பா கூரை! தேனு முகம் மலர்ந்துடுச்சு. எறிஞ்சுது. டொக்! பிளாஸ்டிக்ல பல்லு நிக்குமா? ஜர்ர்ர்னு சறுக்கி, கீழே இருந்த பந்துக் குழிக்குள்ள போயிடுச்சு. ஆயிரம் பந்து! தேனு உள்ள குதிச்சு ஒவ்வொண்ணாத் தூக்கி வெளிய எறியுது. அழுகை வேற. அங்கே வேலை பாக்குற அக்கா வந்து, "அழாதே குட்டி, பல்லைத் தலைகாணிக்கு அடியில வச்சா ராத்திரி தேவதை வந்து எடுத்துக்கிட்டுப் பரிசு குடுக்கும்"னா.

தேனு மூக்கை உறிஞ்சிக்கிட்டுக் கேட்டுச்சு. "அது என் பல்லை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்?"

அக்கா குனிஞ்சு பந்தைப் பொறுக்க ஆரம்பிச்சுட்டா.

"எனக்குப் பரிசு வேண்டாம்க்கா. பல்லுதான் வேணும்."

நல்ல பிள்ளை. கடைசிப் பந்துக்குக் கீழே பல்லு கிடைச்சுது.

ரெண்டு தரம் ஆச்சு. மூணாவது தரம் எங்கேன்னா, உச்சி மாடி. சாயங்காலம் அஞ்சரை. குளிச்சுட்டு மாட்டிக்கன்னு ஓட்டல்ல ஆளுக்கொரு வெள்ளை அங்கி குடுப்பான், துண்டுலயே தைச்ச கோட்டு மாதிரி. அதைப் போட்டுக்கிட்டுக் குமரேசன் குளத்து ஓரமா சாஞ்சு கிடக்கான். சோப்புக் கம்பெனி விளம்பரம் மாதிரி. தேனு பக்கத்துல போய் நின்னுச்சு.

"அப்பா, இந்த ஓட்டலுக்குக் கூரை எங்கே?"

"இதுதான் கண்ணு. கூரை மேலதான் இருக்கோம்."

தேனு கீழே பாத்துச்சு. குனிஞ்சு தரையைத் தட்டிப் பாத்துச்சு. கூரை மேல நின்னுக்கிட்டுக் கூரை மேல எப்படி எறியறது? இத்தனை பெரிய ஓட்டல், அதுல ஒரு பல்லு போட இடமில்ல. தேனு சுத்திமுத்தும் தேடுச்சு. அப்போ கண்ணாடித் தடுப்பு வழியா வெளிய பாத்துச்சு. பாத்தா...

தூங்கிட்டியா?

"இல்ல. பாத்தா?"

பாத்தா, கீழே, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், சின்னதா, பழுப்பா, ஓட்டுக் கூரை!

"அப்பா! நம்ம வீடு!"

எல்லாரும் திரும்பிப் பாத்துட்டாங்க. சுபா ஓடி வந்து பிள்ளை வாயைப் பொத்தினா. "கத்தாதேடி! யாராவது தெரிஞ்சவங்க இருக்கப் போறாங்க!"

"வீட்டுக்குப் போயி எறிஞ்சுட்டு வந்துடலாம்மா. அஞ்சு நிமிசம்."

"நாம கடல்ல இருக்கோம், தேனு."

"இல்லம்மா. இங்கே இருக்கோம். வீடு நம்மளைப் பாத்துக்கிட்டே இருக்கு பாரு."

ஒரு தாய் என்ன சொல்லணும் இதுக்கு? அவ சொன்னா, "நாளன்னிக்கு எறியலாம். ஒரு பல்லு மொளைக்கலேன்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது." சொல்லிட்டா! சொல்லிட்டுத் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டா.

தேனு அழல. பொழுதைப் பாத்துச்சு. அது ஒரு கட்டடத்துக்குப் பின்னால இறங்கிட்டே இருக்கு. பல்லை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நேரா லிப்டுக்கு நடந்துச்சு. டிங்! உள்ள போச்சு. எட்டிக் குதிச்சுக் கீழ் பட்டனை அமுக்கிடுச்சு. தனியா! அய்யோ, நீ அப்படியெல்லாம் பண்ணக் கூடாது, கேட்டியா? லிப்டுல தனியாப் போகவே கூடாது.

"ம். அப்புறம்?"

குமரேசன் பாத்தான். எந்திரிச்சு ஓடினான். தட தட தட தட. கதவு மூடப் போற நேரத்துல உள்ள பாஞ்சான். ஒரு செருப்பு வெளியவே நின்னுடுச்சு. "என்ன வேலை பண்றே நீ!"ன்னு திட்ட வாயைத் திறந்தான். தேனு கையை விரிச்சுக் காட்டுச்சு. உள்ளங்கையில பல்லு, ஓரமெல்லாம் சாக்லேட்டு.

"அப்பா, எனக்கு மொளைக்கலேன்னா முறுக்கு கடிக்க முடியாதுப்பா."

குமரேசன் அந்தப் பல்லைப் பாத்தான். லிப்டுக் கண்ணாடியில தன்னைப் பாத்தான். துண்டுக் கோட்டு, ஒத்தைச் செருப்பு. பன்னெண்டு மாடி இறங்குற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தான். டிங்! கதவு திறந்துச்சு. மேல போற பட்டனை அவன் அமுக்கல. பிள்ளையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு வெளிய வந்துட்டான்.

சரக், சொத். சரக், சொத். ஒரு கால் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். நாலு தெரு! சைக்கிள்ல போறவன் திரும்பிப் பாக்குறான். நாய் ஒண்ணு லொள் லொள்னு துரத்திட்டு வருது. குமரேசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடுறான். தெருமுனை வந்துச்சு. கன்னியம்மா பூக்கூடையோட உக்காந்திருக்கா. மேலேயும் கீழேயும் ஒரு பார்வை பாத்தா.

"என்ன தம்பி, கப்பல் தெருமுனை வரைக்கும் வருதா இப்போ?"

குமரேசன் அங்கியை இழுத்து மூடிக்கிட்டான். "அது... வந்து... கடல்ல புயல்னு..."

"நாங்க கப்பல்ல போகவே இல்ல"ன்னு தோள் மேலேர்ந்து தேனு சொல்லிடுச்சு. "அப்பா வாந்தி எடுத்துட்டாங்க. ஓட்டல்ல இருந்தோம். என் பல்லு விழுந்துடுச்சு."

"ஓட்டல்ல இருந்தது காலையிலயே தெரியும் கண்ணு. உங்கம்மா போட்ட கடல் படத்துல நம்ம தெரு தண்ணித் தொட்டி நிக்குதே! 'நம்ம தொட்டி எப்படா கடலுக்குப் போச்சு'ன்னு தெருவே அதைத்தான் பேசிட்டுக் கிடக்கு." சொல்லிட்டு, கூடையைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சா. "அது கிடக்கட்டும். பல்லு எப்போ விழுந்துச்சு?"

"மத்தியானம்."

"அடப்பாவிகளா! இவ்வளவு நேரமா சும்மா இருந்தீங்க? பொழுது போகுதே!"

பாத்தியா? கப்பலை ஒருத்தரும் கேக்கல. மூணு மாசமா இவங்க பீத்தின பீத்தல் என்ன, மறைஞ்சு கிடந்த கிடப்பு என்ன, தெருவுக்கு அது ஒரு காலைப் பொழுதுக்குச் சிரிப்பு, அவ்வளவுதான். பல்லுன்னதும் எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. கன்னியம்மா பால்காரர் மாட்டுக்கிட்ட ஓடி, இலையில சுடச்சுடச் சாணி கொண்டாந்தா. இஸ்திரிக்காரர் வேலையைப் போட்டுட்டு வந்தாரு. எதிர்வீட்டுத் தாத்தா பொக்கை வாயோட கம்பை ஊணிட்டு வந்து நின்னு, "நல்லா வீசி எறி, நான் பட்டது போதும்"ங்கிறாரு.

தேனு அப்பா தோள்லயே நின்னுச்சு. சாணியில பல்லைப் பொதிஞ்சு எறிஞ்சுது. சுவத்துல பட்டு, கீழே விழுந்துச்சு. எடுத்து மறுபடி எறிஞ்சுது. ஓட்டு நுனியில பட்டு, உருண்டு வந்து, பொதக்! குமரேசன் வெள்ளை அங்கி மேல. மூணாவது தரம், கண்ணை மூடிக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு...

பொத்!

கூரை நடுவுல போய் உக்காந்துக்கிச்சு. அசையல. அப்போதான் பொழுது மறைஞ்சுது.

அப்போ தெருமுனையில கடகட கடகடன்னு ஒரு சத்தம். சுபா வரா. ரெண்டு சக்கரப் பெட்டியையும் இழுத்துக்கிட்டு. முகத்துல துப்பட்டா இல்ல. புருசனையும் பிள்ளையையும் காணோம்னு ஓட்டல் பூரா தேடியிருக்கா. அப்புறம் மாடித் தடுப்புல எட்டிப் பாத்திருக்கா, தன் வீட்டு வாசல்ல கூட்டம், நடுவுல ஒரு வெள்ளைக் கோட்டு. பாத்ததும் படபடன்னு எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடி வந்துட்டா. கன்னியம்மா சும்மா விடுவாளா? "வாம்மா, வா. கரை இறங்கியாச்சா?"

சுபாவுக்கு முகம் செவந்துச்சு. கோவம் வரும்னு எல்லாரும் பாத்தாங்க. அவ புருசன் மேல இருந்த சாணியைப் பாத்தா, பிள்ளையோட ஓட்டைப் பல்லைப் பாத்தா, பெட்டியைப் பிடிச்சிருந்த கையை விட்டா. "இறங்கியாச்சுக்கா"ன்னா. "ரசம் வைக்கணும்."

வச்சா. தேனு மூணு தட்டு தின்னுச்சு. சொந்தப் பாயில, சொந்த ஃபேனுக்கு அடியில மூணு பேரும் படுத்தாங்க. ஒருத்தரும் தும்மல.

அங்கே ஓட்டல்ல? இன்னும் ரெண்டு நாள் பாக்கியிருக்கே! அந்த ரூம்ல ஏசி ஓடுது. மெத்தை விரிச்சு வச்சிருக்கு. ஆளில்ல. அந்தத் துண்டு அன்னம் மட்டும், தலையில சாக்லேட்டோட, ஜன்னல் ஓரமா உக்காந்து ரெண்டு நாளும் சொகுசா லீவு கழிச்சுது.

அது ஒண்ணுக்குத்தான் அந்த ஓட்டல் ஒத்துக்கிச்சு.

"அத்தை... பல்லு மொளைச்சுதா?"

மொளைச்சுது, மொளைச்சுது. முதல்ல கடிச்சது முறுக்கு. கையை வாயிலேர்ந்து எடு. உன் பல்லு விழுந்தா நான் பாத்துக்கறேன், நம்ம கூரை எங்கேயும் போகாது. இவ்வளவு சத்தமா ஏன் கதை சொன்னேன்னு கேக்குறியா? அந்த ரூமுக்கும் கொஞ்சம் கேக்கட்டுமேன்னுதான். கேட்டிருக்கும். போன் சத்தம் நின்னு போச்சு பாரு.

பல்லு கூரையேறிடுச்சு, கதை கரையேறிடுச்சு. கண்ணை மூடு.

"ம்..."